தாத்தா வீட்டுத் தஞ்சாவூர் ஓவியம்: ராமன் டெஸ்ட்டில் வயது தெரியுமா?

மாடிவீட்டுப்பையன்:
வெண்ணெய்க் கிருஷ்ணர் படம். வாங்க வந்த வியாபாரியே இருநூறு வருஷம் இருக்கும் என்கிறார், வாங்குகிறவர் வயதைக் கூட்டிச் சொன்னால் எனக்குச் சந்தேகம் வருமா வராதா? ஒரு ஓரத்தில் சிவப்பு உதிர்கிறது. ராமன் டெஸ்ட் என்று ஒன்று, சுரண்டாமல் லேசரை வைத்தே வயதைப் பார்த்துவிடலாம் என்கிறார்களே, நிஜமா?

ஈயவெள்ளை:
சுரண்ட வேண்டாம் என்பது நிஜம். ஆனால் வயது தெரியாது, பொருள்தான் தெரியும். லேசர் பட்டுச் சிதறும் ஒளியில் கோடியில் ஒன்று என்ற அளவில்தான் நிறம் மாறித் திரும்பும், அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறு. அதைக் கோட்டுப்படமாக வரைந்தால் முகடுகள் வரும், முகடு நிற்கும் இடத்தை எண்ணால் (செ.மீ⁻¹ அளவில்) சொல்வார்கள். கண்ணுக்கு ஒரே சிவப்பு. ஆனால் 253, 343-இல் முகடு வந்தால் சாதிலிங்கம் (பாதரசச் சிவப்பு), 549-இல் வந்தால் ஈயச் செந்தூரம். வெள்ளையில் 144 பக்கம் ஓங்கி நின்றால் அனடேஸ், அதாவது டைட்டானியம் வெள்ளை. அது ஓவியர் கைக்கு வந்ததே 1920-களை ஒட்டித்தான், வியாபாரியின் கணக்கு அங்கேயே படுத்துவிடும். கொலம்பஸுக்கு முந்தியது என்று யேல் பல்கலைக்கழகம் 1965-இல் வெளியிட்ட, வட அமெரிக்கக் கரையைக் காட்டும் வின்லாந்து வரைபடத்திலும் இதே கதைதான். 2002-இல் லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ராமன் ஆய்வில் மஞ்சள் கோட்டில் அனடேஸ் இருந்தது, 2021-இல் யேலே போலி என்று ஒப்புக்கொண்டது. டைட்டானியம் இல்லை என்பதால் மட்டும் பழசு ஆகிவிடாது, அதையும் நினைவில் வையுங்கள்.

லேப்_வாசி:
இவர் சொல்வது போல அவ்வளவு சுலபமாக முகடு கிடைக்காது சார். பழைய வார்னிஷ் தானே ஒளிர்ந்து எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். 785 நானோமீட்டர் லேசரில் கொஞ்சம் தப்பிக்கலாம், அதிலும் சில இடங்களில் வெறும் மேடுதான் வரும். அப்புறம் பவர்! பயிற்சிக் காலத்தில் ஈயச் செந்தூரம் பூசிய ஒரு மாதிரி அட்டையில் அவசரப்பட்டுப் பவரை ஏற்றினேன், கடுகளவு கருப்புப் புள்ளி விழுந்தது. படத்தில் விழுந்திருந்தால்? குறைந்த பவரில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

மாடிவீட்டுப்பையன்:
ஐயோ, ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. முத்துமாலை உதிர்ந்தது என்று பெரியப்பா எண்பதுகளில் கடைப் பெயின்ட் வாங்கிப் புள்ளி வைத்திருக்கிறார்.

ஈயவெள்ளை:
அப்படியென்றால் முத்தில் 144 வந்தால் அது பெரியப்பாவின் வயது, கிருஷ்ணருடையது இல்லை. சட்டத்துக்குள் மறைந்திருக்கும் ஓர வெள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். உதிரும் சிவப்பை நீங்கள் தொடாதீர்கள், தானாக விழுந்த துணுக்கு இருந்தால் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, எந்த இடத்தில் விழுந்தது என்று சீட்டு எழுதி வையுங்கள்.