மேயவிட்ட பிறகு முட்டை குறைந்துவிட்டது: காரணம் மேய்ச்சல்தானா?

கேள்வி:
எங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஆறு பெட்டைக்கோழிகளை வளர்க்கிறேன். எல்லாமே ஒரு வயதைக் கடந்தவை. கூட்டை ஒட்டிய சிறிய அடைப்புக்குள் இருந்தவரை நாள்தோறும் நான்கைந்து முட்டைகள் கிடைத்துவந்தன. மூன்று வாரங்களாக விடிந்ததும் கதவைத் திறந்து, மாலை வரை தோட்டம் முழுவதும் மேயவிடுகிறேன். கொண்டை நன்றாகச் சிவந்திருக்கிறது. ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கும் பழக்கமும் நின்றுவிட்டது. ஆனால் பெட்டியில் இரண்டு முட்டைகளுக்கு மேல் இருப்பதில்லை. அவற்றிலும் சில, விரல் பட்டால் அமுங்கும் தோல்முட்டைகளாக இருக்கின்றன. இவற்றை மீண்டும் அடைத்துவைக்க எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

முதல் மறுமொழி:
கொண்டை சிவந்திருப்பதாக நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அவை முட்டையிடுவதை நிறுத்தவில்லை, இடத்தைத்தான் மாற்றிக்கொண்டிருக்கின்றன என்று தோன்றுகிறது. இடுவதை நிறுத்திவிட்ட கோழிக்குக் கொண்டை சுருங்கி வெளிறிவிடும். வெளியே விட்ட கோழி இருட்டும் மறைவும் உள்ள மூலையைத் தேடிப் போகும். ஒன்று இட்ட இடத்திலேயே மற்றவையும் வந்து இடும். ஆகவே புதரடி, விறகுக் குவியலின் பின்புறம், கவிழ்த்துவைத்த தொட்டியின் அடி ஆகிய இடங்களைக் குனிந்து பாருங்கள். முட்டையிட்டவுடன் கொக்கரிக்கும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றும் கவனியுங்கள்.

பெரும்பாலான கோழிகள் முற்பகலிலேயே இட்டுவிடும் என்பதால், ஒன்றிரண்டு வாரங்களுக்குப் பத்து, பதினொரு மணி வரை உள்ளேயே வைத்திருந்து, அதன் பிறகு திறந்துவிடுங்கள். பெட்டியில் மரத்தால் செய்த போலி முட்டை ஒன்றை வைத்தால் பழைய இடம் அவற்றுக்கு மீண்டும் பழகிவிடும். மறைவிடத்தில் முட்டைகளைச் சேரவிடாதீர்கள். குவியலைக் கண்ட கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டால், அடை தெளியும்வரை முட்டையிடாது.

இரண்டாம் மறுமொழி:
மேலே சொன்னது சரியே, ஆயினும் தோல்முட்டைக்கு அது விடையாகாது. ஒரு முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. ஓடு உருவாகச் சுமார் 20 மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி கோழி உறங்கும் இரவில் நடக்கிறது. முட்டைக்கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை தீவனம் தேவை. விடிந்ததும் புல்லையும் சமையலறை மிச்சங்களையும் கொத்தித் தீனிப்பையை நிரப்பிக்கொண்ட கோழி, புரதமும் சுண்ணாம்புச்சத்தும் அளவோடு கலந்த அந்தத் தீவனத்தை ஒதுக்கிவிடும். புல் பெரும்பாலும் நீர்தான். அது மஞ்சள் கருவுக்கு அடர்ந்த நிறத்தைத் தரும். ஓட்டுக்கு வேண்டியதைத் தராது.

ஆகவே காலையில் உள்ளே இருக்கும்போதே தீவனத்தை வயிறார உண்ணவிடுங்கள். நொறுக்கிய கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் எப்போதும் வையுங்கள். மாவாக இல்லாமல் சிறு துண்டுகளாக இருந்தால், அரைவைப்பையில் தங்கி இரவில் மெல்லக் கரையும். தானியத்தை மாலையில் மட்டும் ஒரு கைப்பிடி போட்டால் போதும், கூட்டுக்குத் திரும்பும் பழக்கமும் அதனாலேயே வந்துவிடும்.

மூன்றாம் மறுமொழி:
கூட்டுக்குள் இறகுகள் உதிர்ந்து கிடக்கின்றனவா என்றும் பாருங்கள், ஏனெனில் இறகு மாற்றும் காலத்தில் முட்டை தானாகவே நின்றுவிடும். நாயோ பருந்தோ ஒருமுறை துரத்தினாலும் சில நாள்களுக்கு முட்டை குறையும். ஓடி ஒளியச் செடி மறைவு இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
உங்கள் மூவருக்கும் நன்றி. விறகுக் குவியலுக்கும் சுவருக்கும் இடையே, சருகைக் குழித்து வைத்த இடத்தில் பதினேழு முட்டைகள் இருந்தன. எந்த நாளில் இட்டவை என்று தெரியாததால் உண்ணாமல் அப்புறப்படுத்திவிட்டேன். இறகு உதிர்வு எதுவும் இல்லை. கிளிஞ்சலை இன்றுதான் வைத்தேன். காலையில் கதவு திறக்காததைக் கண்டு பழுப்புக் கோழி வெகுநேரம் கம்பி ஓரமாக நடந்து முனகிக்கொண்டே இருந்தது. ஒன்பதரை மணிக்குப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தது.