நீல முடியிலிருந்து பழைய முடிக்குத் திரும்பியவர்கள் சொல்லுங்கள்

அடையாறு ஆலமரம்:

எட்டு மாதம் மயில்கழுத்து நீலம். எப்படிப் போட்டேன் என்பதெல்லாம் இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். அதற்கு ஐந்து நாள் முன்னால் வீட்டுப் பக்கத்துப் பார்லருக்குப் போய்ப் பழைய முடி வேண்டும் என்று கேட்டேன். அப்பா போகச் சொல்லவில்லை, நானாகத்தான் போனேன். வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அன்று என் தலையைப் பற்றியே அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

ஷேடு அட்டையில் ஒரு பிரவுனைக் காட்டினார்கள். சரி என்றேன். நீலத்தின் மேலேயே பூசி, அரை மணி நேரம் கழித்து அலசினார்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் நன்றாகத்தான் இருந்தது.

திருக்கடையூரில் காலை வெயில். அப்பா அம்மா தலையில் கலச நீர் ஊற்றுவதற்கு வரிசையில் நிற்கிறேன். பின்னால் நின்ற அத்தை பையன், “அக்கா, உன் முடி பச்சையா இருக்கு” என்றான். கிண்டல் இல்லை, பயந்துபோய்ச் சொன்னான். ஜடையை முன்னால் இழுத்துப் பார்த்தேன். குளத்துப் பாசி நிறம். சட்டென்று புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டேன். என் முறை வந்து சொம்பைச் சாய்த்தபோது, கண்ணில் தண்ணீர் வழிய அப்பா நிமிர்ந்து பார்த்து, “தலைப்பை எடும்மா, மூஞ்சி தெரியல” என்றார். எடுத்தேன்.

அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது. பிரவுன் போட்டால் பச்சை எப்படி வரும்? உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

வேளச்சேரி வாசி:

எனக்குப் பச்சை வரவில்லை, ஆனால் தேதி சரியாக மாட்டியது. ரோஸ் போட்டிருந்தேன். எங்கள் ஃபிளாட் போர் தண்ணீரிலும் வெயிலிலும் தானாகவே வெளுத்துக்கொண்டு வந்தது, முழுதாகப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். நடுவில் பாஸ்போர்ட் அப்பாயின்ட்மென்ட், சாலிகிராமம். அன்றைக்கு என் முடி வேரில் இரண்டு விரல் கருப்பு, நடுவில் வெளிறிய ரோஸ், நுனியில் தேங்காய் நார். போட்டோ எடுத்த பெண், “முடியைக் காதுக்குப் பின்னால விடுங்க மேடம்” என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். பத்து வருடத்துக்கு அந்தப் படம்தான். ஒவ்வொரு முறை திறக்கும்போதும், இன்னும் மூன்று வாரம் தள்ளி நாள் வாங்கியிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

கத்திரிக்கோல் அக்கா:

புரசைவாக்கத்தில் 19 வருடமாகப் பார்லர் வேலை. ஆலமரம், பார்லர் மேல் மட்டும் பழியைப் போடாதீர்கள். ஐந்து நாளில் கல்யாணம் என்று வந்து நின்றால் அந்தப் பெண்ணும் என்ன செய்வாள்? ஆனால் நீலத்தின் மேல் நேராகப் பிரவுன் பூசியது தப்புதான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஏன் பச்சை என்று கேட்டீர்கள். நம் கருப்பு முடிக்குள் சிவப்பும் ஆரஞ்சும் நிறைய இருக்கிறது. நீலம் பிடிக்க முதலில் செய்கிற ப்ளீச் அதையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் மஞ்சளை விட்டுவைக்கும். மஞ்சளின் மேல் நீலத்தின் மிச்சம் இருந்தால் பச்சைதானே? பிரவுன் டையில் சிவப்பு இருந்தாலும், அந்த வெறும் முடியில் பச்சையை அடக்குகிற அளவுக்கு அது போதாது, நிற்கவும் நிற்காது. அதனால் முதலில் அந்தச் சிவப்பைத் திரும்பக் கொடுக்க வேண்டும். காப்பர் அல்லது சிவப்பு கலந்த கலரை முதல் பூச்சாகப் போடுவோம். ஃபில்லர் என்பது அதுதான். அதன் மேல்தான் பிரவுன். பச்சையை அடக்கச் சிவப்பு, நீலத்துக்கு ஆரஞ்சு, ஊதாவுக்கு மஞ்சள். இது சமையலில் உப்பு புளி மாதிரி, கைக்கு வந்துவிட்டால் அளவு தானாக வரும்.

இன்னொன்று, ‘நேச்சுரல்’ என்றதும் எல்லோரும் 1-ஆம் நம்பர் கருப்பைக் கேட்கிறார்கள். வெயிலில் நின்று உங்கள் வேர் முடியைப் பாருங்கள். பெரும்பாலும் 2 அல்லது 3, அதாவது அடர் பழுப்பு. 1 போட்டால் விக் வைத்தது போல மை கொட்டி நிற்கும், பிடிக்கவில்லை என்றால் எடுக்கவும் முடியாது. டையின் மேல் டை போட்டால் வெளுக்காது, திரும்ப ப்ளீச்தான். ப்ளீச் பட்ட முடி கலரை ஸ்பாஞ்ச் போல உறிஞ்சும், எனவே வேண்டிய நிறத்தைவிட ஒரு ஷேடு வெளிர்ந்ததாகவே எடுங்கள். டையோடு கலக்குகிற பெராக்சைடு டெவலப்பர் 10 வால்யூம், அதாவது 3 சதவீதம் போதும். முடியை வெளுக்க வைக்கப் போவதில்லையே, பிறகு 30 எதற்கு? காதுக்குப் பின்னால் ஒரு கொத்தில் போட்டுப் பார்த்து, வெயிலில் பார்த்து, அப்புறம் முழுத்தலை. மூன்று நான்கு வாரத்தில் திரும்ப வெளுக்கும், இன்னொரு தடவை போட வேண்டியிருக்கும். முடி மாதத்துக்கு ஒன்றேகால் செ.மீ.தான் வளரும். தோள் வரை சொந்த முடி வேண்டுமென்றால் இரண்டு வருடமாவது ஆகும்.

என் அனுபவம் சின்னது. மூன்று இடத்தில் மாற்றி மாற்றி ப்ளீச் செய்துவிட்டு ஒரு பெண் என்னிடம் வந்தாள். ஈரத்தில் இழுத்தால் ரப்பர் போல நீண்டு அறுந்தது. வெட்டுவதைத் தவிர வழியில்லை. கீழே விழுந்ததைப் பெருக்கப் போனபோது, “அக்கா இருங்க” என்று குனிந்து பொறுக்கி ஒரு நியூஸ்பேப்பரில் மடித்து எடுத்துப் போனாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பெரம்பூர் ரயிலடி:

அக்கா சொல்வதெல்லாம் சரி. ஆனால் மூன்று தடவை பார்லருக்குப் போகக் காசு வேண்டுமே. எனக்குச் சிவப்பு, டான்ஸ் போட்டிக்காகப் போட்டது. போட்டி முடிந்ததும் டெலிவரி வேலையில் சேர்ந்தேன். ஹெல்மெட்டுக்குள் வேர்த்துக் காலரெல்லாம் சிவப்பு. ஒரு ஞாயிறு ரயில் ஏறித் திருத்தணி போய் மொட்டை போட்டுவிட்டேன்.

தலையை நனைத்ததும் சிவப்புத் தண்ணீர் நெற்றியில் வழிந்து வெள்ளை பனியனில் இறங்கியது. பக்கத்தில் அம்மா மடியில் முடி இறக்க உட்கார்ந்திருந்த குழந்தை, “மாமாவுக்கு ரத்தம்” என்று அலற ஆரம்பித்தது. முடி இறக்குகிற அண்ணன் அந்தக் குழந்தையின் விரலைப் பிடித்து என் தலைத் தண்ணீரில் தொட்டுக் காட்டி, “சாயம்டா, ஹோலி” என்று சமாதானம் செய்தார். அப்புறம் என்னிடம், “என்ன வேண்டுதல் தம்பி?” என்றார். கலர் போகத்தான் வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை” என்று சொல்லிவிட்டேன். “முருகன் பாத்துப்பான்” என்று சொல்லிக் கத்தியை வைத்தார்.

365 படியில் பாதிகூட இறங்கவில்லை, அம்மாவுக்கு போன் போட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முடி மூன்று மாதத்தில் இரண்டு விரற்கடை வளர்ந்துவிட்டது. அம்மா நன்றாகத்தான் இருக்கிறார். அந்தப் பொய்தான் போகவில்லை.

அம்பத்தூர் மருதாணி:

எல்லோரும் ஏன் திரும்பத் திரும்பக் கெமிக்கலுக்கே போகிறீர்கள்? மருதாணியும், நீலச் சாயம் கொடுக்கிற அவுரியும் இருக்கிறதே. ஆனால் நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். வெளுத்த முடியில் மருதாணி இல்லாமல் அவுரிப் பொடியை மட்டும் குழைத்துப் போட்டேன். துண்டை அவிழ்த்தபோது தலை முழுக்கப் பச்சை கலந்த நீலம், எதை எடுக்க உட்கார்ந்தேனோ அதே நிறம். குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். முதல் நாள் மருதாணி, அலசிவிட்டு மறுநாள் அவுரி என்று போட்டிருந்தால் அடர் பழுப்போ கருப்போ வந்திருக்கும். மருதாணி கொடுக்கிற சிவப்புதான் அக்கா சொன்ன ஃபில்லர்.

கத்திரிக்கோல் அக்கா:

மருதாணி நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கடையில் ‘கருப்பு மருதாணி’ என்று விற்கிற பாக்கெட் எல்லாம் மருதாணி இல்லை. மருதாணியில் கருப்பு கிடையாது. பலதில் பிபிடி கலந்திருக்கும், கருப்பு டையில் போடுகிற, சிலருக்கு ஒத்துக்கொள்ளாத கெமிக்கல். பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கொளத்தூர் அம்மா:

அந்த மூன்றெழுத்தைப் பார்த்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. என் மகள் ஊதா போட்டிருந்தாள். மறுநாள் காலேஜ் திறப்பு. நான்தான் விடவில்லை. ராத்திரி 11 மணிக்கு அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, வீட்டில் எனக்காக வாங்கிவைத்திருந்த கருப்பு டையைப் பூசினேன். நடுவில், “அம்மா, அரிக்குது” என்றாள். கொஞ்சம் பொறுத்துக்கோ என்றேன்.

காலையில் கண் திறக்க முடியவில்லை. இமை இரண்டும் வீங்கி, காது ஓரமெல்லாம் நீர் கோத்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் திரும்பும்போது ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு, “இப்ப கருப்பாயிடுச்சுல்லம்மா, ஓகேவா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள்.

டாக்டர் சொன்னது, இனி பிபிடி உள்ள எந்த டையும் அவளுக்கு ஆகாது என்று. பெட்டியில் பரிசோதனை செய்யச் சொல்லிப் போட்டிருக்கிறது, நான் படிக்கவே இல்லை. முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பாருங்கள். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் பாருங்கள்.

வேளச்சேரி வாசி:

இப்போது அவள் எப்படி இருக்கிறாள் அம்மா?

கொளத்தூர் அம்மா:

நன்றாக இருக்கிறாள். கிராப் வெட்டிக்கொண்டாள். வேரில் வருவது அவள் சொந்த முடி. நான் எண்ணெய் வைத்துவிட்டால் உட்காருகிறாள்.

அடையாறு ஆலமரம்:

எல்லாவற்றையும் படித்தேன். அக்கா சொன்னபடி வேறு இடத்தில் ஒரு தடவை காப்பர் போட்டு, அதன் மேல் 4-ஆம் நம்பர் பிரவுன் போட்டார்கள். காதோரத்தில் முதலில் சோதித்தேன், கையிலும் பொட்டு வைத்து இரண்டு நாள் காத்திருந்தேன். வெயிலில் இப்போது பச்சை இல்லை. வேரோடு முழுதாகச் சேரவில்லை, ஆனால் கேட்டால் ஒழிய யாரும் கவனிப்பதில்லை.

கல்யாண ஆல்பம் வந்துவிட்டது. தலைப்போடு இருக்கிற படம் ஒன்று, எடுத்த பிறகு ஒன்று. எடுத்த பிறகு இருக்கிறதைத்தான் அப்பா பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறார். ஜடை நுனியில் பச்சை நன்றாகவே தெரிகிறது. அதற்குக் கீழேதான் உட்கார்ந்து தினமும் பேப்பர் படிக்கிறார்.

அக்கா, அடுத்த மாதம் இன்னொரு தடவை போடவேண்டும் என்றார்கள். நடுவில் தேங்காய் எண்ணெய் வைக்கலாமா, கலர் சீக்கிரம் இறங்கிவிடுமா?