முள்ளம்பன்றி முள்ளை எய்யுமா?

கேள்வி: தோட்டத்தில் நாய் மூஞ்சியில் மூன்று முள். முள்ளம்பன்றி தூரத்திலிருந்து எய்ததாகச் சொல்கிறார்கள். உண்மையா?

பதில் 1: எய்யாது. முள் என்பது நம் நகத்திலுள்ள கெரட்டின் என்ற புரதத்தால் ஆன, தடித்த முடிதான். எறிவதற்கான தசை கிடையாது. முதலில் முட்களைச் சிலிர்த்து, வாலிலுள்ள உள்ளீடற்ற குட்டை முட்களைக் கிலுகிலுவென ஆட்டி எச்சரிக்கும். எதிரி விலகாவிட்டால் பின்பக்கமாகவே பாய்ந்து குத்தும். தளர்வாக நிற்பதால் முள் கழன்று எதிரி உடம்பில் தங்கிவிடும். இமயமலைப் பகுதியிலுள்ள முக்தேசரில் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் சுட்ட ஆட்கொல்லிப் பெண்புலிக்கு ஒரு கண் போனதும் இதனால்தான். சுமார் 50 முட்கள் ஏறியிருந்தன.

பதில் 2: வட அமெரிக்க இனத்தின் முள் நுனியில் நுண்கொக்கிகள் உண்டு, நம்மூர் இனத்துக்கு இல்லை. அதற்காக நீங்களே பிடுங்கிவிடாதீர்கள்! நாய் துள்ளினால் முள் ஒடிந்து உள்ளே தங்கி, சீழ் வைக்கும். முள்ளை வெட்டவும் கூடாது, பிடிக்க இடமிருக்காது. முகத்தைக் காலால் பிறாண்டாமல் பார்த்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மயக்கம் கொடுத்து, குத்திய கோட்டிலேயே நேராக இழுத்து எடுப்பார். வாய்க்குள்ளும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: நாக்கடியில் இன்னொன்று இருக்கிறது. இப்போதே கிளம்புகிறேன்.