போன் வந்தது பாளையங்கோட்டைக்கு, பணம் போனது நொய்டாவுக்கு: கார்டு மோசடி வழக்கு எந்த ஊர் கோர்ட்டில்?

முற்றத்துவேம்பு:
போன வாரம் முற்றத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன், ரிவார்டு பாயின்ட் இன்றோடு காலாவதி என்றான். ஓடிபியைச் சொல்லித் தொலைத்துவிட்டேன். கிரெடிட் கார்டில் 38,400 ரூபாய் காலி. உடனே வங்கிக்குப் போன் போட்டு கார்டை முடக்கச் சொன்னேன். அதற்கப்புறமும் 21,750 போனது. சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கும் அன்றே சொல்லியாயிற்று. காவல் நிலையத்திலோ, "பணம் போன கடை நொய்டாவில் இருக்கு, அங்கே போய்க் கொடுங்க" என்கிறார்கள். கார்டு ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் "வழக்குகள் மும்பை நீதிமன்றங்களில் மட்டும்" என்று வேறு இருக்கிறது. இந்த வயதில் எங்கே அலைவது?

வாய்தா வக்கீல்:
எங்கேயும் அலைய வேண்டாம் அண்ணாச்சி. அந்த மும்பை நிபந்தனை உங்களுக்கும் வங்கிக்கும் நடுவில் வரும் சிவில் வழக்குக்காக எழுதியது. திருடன் அதில் கையெழுத்துப் போட்டானா என்ன?

குற்ற வழக்குக்குப் புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., 202-ஆம் பிரிவைப் பாருங்கள். பழைய சி.ஆர்.பி.சி.யில் 182. போன், மெசேஜ் வழியாக ஏமாற்றினால், அது கிளம்பிய ஊர் கோர்ட்டும் விசாரிக்கலாம், வந்து சேர்ந்த ஊர் கோர்ட்டும் விசாரிக்கலாம். உங்களுக்கு வந்து சேர்ந்தது முற்றத்துக்கு. ஆகவே உங்கள் பகுதி ஜுடிஷியல் மாஜிஸ்திரேட் கோர்ட்டே போதும்.

புகார் வாங்க எல்லைத் தகராறே கூடாது. 2024 ஜூலை 1 முதல் அதே சட்டத்தின் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் பதியச் சொல்கிறது, ஜீரோ எப்.ஐ.ஆர். என்பது இதுதான். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். ஐ.டி. சட்டம் 66டி (போன், கம்ப்யூட்டர் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது) சேர்ந்தால் இன்ஸ்பெக்டர் அந்தஸ்தில் உள்ளவர்தான் விசாரிக்க முடியும். நேரே சைபர் கிரைம் நிலையத்துக்குப் போவது நல்லது.

முற்றத்துவேம்பு:
நன்றி தம்பி. ஆனால் வங்கி, "ஓடிபி கொடுத்தது நீங்கள்தானே" என்று இரண்டு தொகையையும் என் தலையில் கட்டுகிறது.

பழைய கேஷியர்:
அண்ணாச்சி, இரண்டாவது தொகை புகார் சொன்ன பிறகு போனதுதானே? போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று கொண்டுவந்த விதிப்படி, உங்கள் கவனக்குறைவால் போனது நீங்கள் தகவல் சொல்லும்வரை உங்கள் பாடு. சொன்ன பிறகு போவது வங்கியின் பாடு. 38,400-க்குச் சண்டை கஷ்டம். 21,750-ஐ விடாதீர்கள். முடக்கியதற்கு எஸ்.எம்.எஸ். வந்திருக்குமே, நேரத்தைப் பாருங்கள்.

வாய்தா வக்கீல்:
கேஷியர் ஐயா சொல்வது சரி. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் (வங்கிப் புகார்களைத் தீர்க்கும் அதிகாரி) போகலாம், செலவு கிடையாது. அல்லது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், மும்பை நிபந்தனை அங்கேயும் உங்களைத் தடுக்காது. இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். வழக்கு நடக்கும்போது ஓம்பட்ஸ்மேன் மனுவை எடுக்க மாட்டார்கள்.

முற்றத்துவேம்பு:
தேடி எடுத்துவிட்டேன். முடக்கிய எஸ்.எம்.எஸ். 11.52-க்கு. 21,750 போன எஸ்.எம்.எஸ். 12.31-க்கு. இரண்டையும் பிரின்ட் போட்டு நாளைக் காலை கிளைக்குப் போகிறேன்.

பழைய கேஷியர்:
புகாரைக் கொடுத்துவிட்டு, நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.