பிக்கப் வண்டிக்குப் பக்கவாட்டுப் படி வாங்கியபோது நாங்கள் கற்றுக்கொண்டவை

முதல் பகிர்வு

என் பிக்கப் வண்டி படி இல்லாமல்தான் வந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி வந்த பிறகுதான் அதன் குறை எனக்குத் தெரிந்தது. அவசரத்தில், பார்வைக்கு எடுப்பாக இருந்த 3 அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருளைக் குழாயை வாங்கிப் பொருத்தினேன். கதவுக்கு நேராக ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் அதில் ரப்பர் பட்டை இருந்தது. ஒரு மழை நாளில் இறங்கும்போது அம்மாவின் கால் படியைத் தேடி, ரப்பருக்கு நான்கு விரற்கடை தள்ளி ஈரக் குழாயின் மேல் பட்டு வழுக்கியது. கைப்பிடியை விடாததால் விழவில்லை என்றாலும், முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து இரத்தம் வந்துவிட்டது. "எங்கே கால வைக்கிறதுன்னே தெரியலப்பா" என்று அவர் சொன்னது இன்றும் என்னை உறுத்துகிறது.

மறுவாரம் செங்கற்களை அடுக்கி, மேலே ஒரு பலகையை வைத்து, எந்த உயரத்தில் அம்மா சிரமமின்றி ஏறி இறங்குகிறார் என்று பார்த்து அளந்துகொண்டேன். அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது: படி 6 அங்குல அகலம் என்று விற்கப்பட்டாலும், அதில் 2 அங்குலம் வண்டியின் உடலுக்கு அடியில் மறைந்துவிட்டால் காலுக்குக் கிடைப்பது 4 அங்குலம்தான். ஆகவே மொத்த அகலத்தை விட்டுவிட்டு, கதவின் அடிவிளிம்பைத் தாண்டி எவ்வளவு வெளியே நீள்கிறது என்பதைக் கேட்டு, முழு நீளத்துக்கும் சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட தட்டையான அலுமினியப் படியை வாங்கினேன். இப்போது அம்மா குனிந்து பார்க்காமலேயே இறங்குகிறார்.

இரண்டாம் பகிர்வு

மேலே எழுதியவர் கால் வைக்கும் இடத்தைப் பற்றிச் சொன்னார். படியைத் தாங்கும் பிராக்கெட்டைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் என் படி அங்குதான் தோற்றது. ஒற்றை வரிசை இருக்கை வண்டிக்கும் இரட்டை வரிசை வண்டிக்கும் படியின் நீளமும் பிராக்கெட் வரும் இடங்களும் வேறு வேறு. நான் மாதிரியின் பெயரை மட்டும் சொல்லி வாங்கியதால் துளைகள் பொருந்தவில்லை. பட்டறையில் நடு பிராக்கெட்டை விட்டுவிட்டு இரு முனைகளில் மட்டும் பூட்டிக் கொடுத்தார்கள். சில மாதங்களில் படி நடுவில் தொய்ந்து, மிதிக்கும்போதெல்லாம் முனகியது. சேசிஸில், அதாவது வண்டியின் அடியில் எடையைத் தாங்கும் இரும்புச் சட்டகத்தில், புதுத் துளை போட்டுத் தருவதாகவும் சொன்னார்கள். அது சட்டகத்தின் வலுவைக் குறைக்கும், பிரேக் குழாய்கள் அருகிலேயே ஓடலாம் என்பதால் நான் உடன்படவில்லை. தனிச் சேசிஸ் கொண்ட வண்டிகளில் உடல் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்து சற்றே அசையும். எனவே ஒரே பிராக்கெட்டை உடலிலும் சேசிஸிலும் சேர்த்து இறுக்கவே கூடாது.

அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுபவர்கள் இடையே நைலான் வாஷர் வையுங்கள். உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரு உலோகங்களும் தொடும் இடத்தில் அலுமினியம்தான் அரிக்கப்படும். என் பழைய படியைக் கழற்றியபோது துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பொருத்திய சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச்சால் (குறித்த அளவு இறுக்கத்துக்குத் திருக உதவும் ஸ்பேனர்) ஒருமுறை சரிபார்ப்பதும் அவசியம்.

மூன்றாம் பகிர்வு

கரடுமுரடான பாதையில் ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரணப் படி ஆளின் எடையைத் தாங்கும். பாறையில் மோதும் வண்டியின் எடையைத் தாங்காது. என் படி பாறையில் உரசி மேல்நோக்கி வளைந்ததில் பின்கதவு திறக்க மறுத்தது. இப்போது சேசிஸில் பூட்டும் கனமான ஸ்லைடர் (பாறையில் உரசும்போது வண்டியின் பக்கவாட்டைக் காக்கும் வலுவான குழாய்) போட்டிருக்கிறேன். எடை கூடிவிட்டது, ஆனால் தயாரிப்பாளர் அனுமதித்திருப்பதால் அதன் அடியில் ஜாக்கி வைத்துத் தூக்க முடிகிறது. சாதாரணப் படியின் அடியில் ஒருபோதும் ஜாக்கி வைக்காதீர்கள்.