சிஸ்டம் லிங்க் டனல்: ஆட்டம் லிஸ்ட்ல தெரியுது, சேர முடியல

சோலைக்குருவி (கோத்தகிரி):
இங்க ஒரு முதல் தலைமுறை எக்ஸ்பாக்ஸ், கொடைக்கானல்ல இன்னொண்ணு. ஒரே வீட்டு நெட்வொர்க்ல இருக்கிற கன்சோல்களைச் சேர்த்து ஆடவிடுற சிஸ்டம் லிங்க்கை நெட் வழியா ஓட்ட, பைத்தான்ல ஸ்கேப்பி (பாக்கெட்டைப் பிடிக்கவும் அனுப்பவும் உதவுற லைப்ரரி) வச்சு ஒரு டனல் எழுதியிருக்கேன். ரெண்டு பக்கமும் கன்சோல், லேப்டாப் ரெண்டுமே ரூட்டர்ல கேபிள்லதான் இருக்கு. யுடிபி போர்ட் 3074-ல எல்லாருக்கும் பொதுவா வர்ற பிராட்காஸ்ட் ஃபிரேமை (ஈதர்நெட் பாக்கெட்) பிடிச்சு, பெங்களூர்ல வாடகைக்கு எடுத்த சர்வர் வழியா அனுப்பி, அந்தப் பக்கம் அப்படியே இறக்குறேன். ஆட்டம் லிஸ்ட்ல வந்துடுது. சேரப் போனா சுத்திக்கிட்டே இருந்து விட்டுடுது. சில நேரம் பாக்கெட் எண்ணிக்கை எகிறி லைனே படுத்துடுது. எங்க தப்பு? லேப்டாப்பை வைஃபைக்கு மாத்தலாமா? அடுத்து எக்ஸ்பாக்ஸ் 360-யும் சேர்க்கணும்.

மலைரயில் (குன்னூர்):
பிராட்காஸ்ட்டை மட்டும் பிடிக்கிறதுதான் முதல் தப்பு. ஆட்டத்தைத் தேடுற வரைக்கும்தான் பிராட்காஸ்ட். சேரும்போது கன்சோல் நேரா எதிர்க் கன்சோலோட மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டோட எண்) யுனிகாஸ்ட், அதாவது அதுக்கு மட்டும்னு அனுப்பும். உங்க ஃபில்டர் அதைக் கண்டுக்கவே இல்ல.

ஃபில்டரை இப்படி மாத்துங்க: அனுப்புற மேக் உங்க வீட்டுக் கன்சோலோடதா, யுடிபி 3074-ஆ, ரெண்டும் சரின்னா எடு. ரெண்டாவது பிரச்சனையும் இதுலயே அடங்கிடும். அந்தப் பக்கத்து ஃபிரேமை நீங்க கேபிள்ல இறக்கினதும் உங்க ஸ்கேப்பியே அதை மறுபடி பிடிச்சுத் திருப்பி அனுப்புது, அங்கயும் அதே கதை. பந்தை ரெண்டு பேரும் மாறி மாறித் தட்டிக்கிட்டே இருக்கிற மாதிரி. லைன் படுக்காம என்ன செய்யும்?

மேக் தெரியலன்னா கன்சோல் அனுப்பின பிராட்காஸ்ட் ஃபிரேம்லயே பாருங்க, பெரும்பாலும் 00:50:எஃப்2-ன்னு தொடங்கும். ஐபியை வச்சுப் பிரிக்க நினைக்காதீங்க. சிஸ்டம் லிங்க்ல எல்லாக் கன்சோலும் 0.0.0.1-ன்னுதான் சொல்லிக்கும். உள்ள இருக்கிற தரவு மறையாக்கம் பண்ணினது, ஒரு பைட்டையும் தொடாதீங்க.

வைஃபை வேண்டவே வேண்டாம். லேப்டாப் ரூட்டரோட சேரும்போது தன் மேக் முகவரியில மட்டும்தான் சேருது. இன்னொரு கன்சோல் பேர்ல ஃபிரேம் போட்டா ஆக்சஸ் பாயிண்ட் ஏத்துக்காது, இல்ல டிரைவரே மேக்கை மாத்திடும்.

பூம்பாறைப் பூண்டு (கொடைக்கானல்):
ஸ்கேப்பி சோதிச்சுப் பார்க்கத்தான் லாயக்கு, ஆட்டத்துக்கு ஆகாது. சி-யிலோ ரஸ்ட்லயோ பாக்கெட் பிடிக்கிற லைப்ரரியான லிப்பிகேப்பை நேரா கூப்பிடுங்க. அதுல ‘இமீடியட் மோட்’ ஆன் பண்ணுங்க. பண்ணலன்னா வர்ற பாக்கெட்டைச் சேர்த்து வச்சு மொத்தமாத் தரும், லைன்ல இல்லாத தாமதத்தை நாமளே உண்டாக்கிக்கிறோம். 360-ல இது பெரிய அடி. அது சிஸ்டம் லிங்க்குக்கு 30 மில்லிசெகண்டுக்கு மேல பிங் (பாக்கெட் போய் வர்ற நேரம்) போனா சேர்க்காது. பழைய எக்ஸ்பாக்ஸ்ல அந்தக் கட்டுப்பாடு இல்ல.

30-க்குள்ள வருமான்னு கணக்குப் போடுங்க. கண்ணாடி இழையில ஒளி ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோசெகண்ட் எடுக்கும். நீலகிரியில கிளம்பினது சென்னை போய் பழநி மலைக்கு ஏறினா தோராயமா 1000 கிலோமீட்டர். போக வர 10 மில்லிசெகண்ட் ஒளிக்கே போச்சு. இதுல பெங்களூர் சர்வரையும் நடுவுல நுழைச்சா? அதனால சர்வரை அறிமுகத்துக்கு மட்டும் வச்சுக்கிட்டு, ரெண்டு வீடும் நேரடியாப் பேச ஹோல் பஞ்சிங் (ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பாக்கெட் அனுப்பி ரூட்டர்ல வழி திறக்கிறது) பண்ணுங்க. ரூட்டர்ல வான் ஐபி (வெளிப்பக்க முகவரி) 100.64-லிருந்து 100.127-க்குள்ள இருந்தா நீங்க சிஜிநாட்டுக்கு (நெட் கம்பெனி ஒரே பொது ஐபியைப் பல வீட்டுக்குப் பகிர்றது) பின்னால இருக்கீங்க. ஒரே போர்ட்லிருந்து வேற வேற ரெண்டு சர்வர்ல உங்க வெளிப் போர்ட் என்னன்னு கேட்டுப் பாருங்க. ஒரே வெளிப் போர்ட் தெரிஞ்சா பஞ்சிங் வேலை செய்ய வாய்ப்பு அதிகம். மாறி மாறித் தெரிஞ்சா சிமெட்ரிக் நாட் (ஒவ்வொரு சர்வருக்கும் வேற போர்ட் கொடுக்கிறது), ரிலே, அதாவது நடுவுல ஒரு சர்வர், இல்லாம பெரும்பாலும் முடியாது. 15 செகண்டுக்கு ஒரு தடவை காலிப் பாக்கெட் விடுங்க, இல்லன்னா ரூட்டர் வழியை மூடிடும்.

டிசிபியில எழுதியிருந்தா தூக்கிப் போடுங்க. ஒரு பாக்கெட் தொலைஞ்சா பின்னால வர்ற அத்தனையும் அதுக்காகக் காத்து நிக்கும்.

சோலைக்குருவி:
நன்றிங்க. இவ்வளவு எழுதுறதுக்குப் பதிலா வயர்கார்ட் விபிஎன் போட்டா ஆகாதா?

மலைரயில்:
தனியா ஆகாது. அது லேயர் 3 (ஐபி பாக்கெட் மட்டும்), ஈதர்நெட் ஃபிரேமையோ பிராட்காஸ்ட்டையோ தூக்காது. மேல ஈதர்நெட் ஃபிரேமைச் சுமக்கிற விஎக்ஸ்லேனோ ஜிஆர்இ டேப்போ கட்டணும். எழுதாம முடிக்கணும்னா ஓபன்விபிஎன்னை டேப் முறையில (ஈதர்நெட் ஃபிரேமையே கடத்துறது) வச்சு பிரிட்ஜ் பண்ணலாம் (ரெண்டு வீட்டு நெட்வொர்க்கையும் ஒண்ணாக்கலாம்), இதுக்குன்னே எழுதின எக்ஸ்லிங்க் காய் மென்பொருளும் இருக்கவே இருக்கு. பிரிட்ஜ் பண்ணினா டிஹெச்சிபியை (ரூட்டர் தானா ஐபி கொடுக்கிறது) தடுக்க மறக்காதீங்க. இல்லன்னா கோத்தகிரி டிவிக்கு கொடைக்கானல் ரூட்டர் ஐபி கொடுக்கும்.

பூம்பாறைப் பூண்டு:
இன்னும் ரெண்டு விஷயம். முழு ஃபிரேம் 1514 பைட். பிபிபிஓஇ லைன்ல (ரூட்டர் டயல் பண்ற பிராட்பேண்ட்) எம்டியு (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) 1492, ஐபி, யுடிபி தலைப்பு 28 போக 1464-தான் கையில. உங்க டனல் சேர்க்கிற தலைப்பு 8 பைட்னா 1456-க்கு மேல போற ஃபிரேமை நீங்களே ரெண்டா வெட்டி அனுப்புங்க. ஐபி ஃபிராக்மெண்ட்டை நம்பினா நடுவுல எங்கயாவது காணாமப் போயிடும்.

அடுத்தது, எதிராளியை ஐபி, போர்ட் வச்சு அடையாளம் காணாதீங்க. ஐப்பசி மழையில உங்க பக்கம் மரக்கிளை விழுந்து கரண்ட் ரெண்டு செகண்ட் போனாலும் ரூட்டர் மறுபடி டயல் பண்ணும், வெளி ஐபி மாறிடும். ஒவ்வொரு பாக்கெட்லயும் ஒரு செஷன் எண்ணும் கையொப்பமும் வையுங்க. சரியான கையொப்பத்தோட எந்த முகவரியிலிருந்து கடைசியா வந்துச்சோ அங்கயே பதில் போகட்டும். ரூட்டருக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸும் வாங்கி வச்சிடுங்க.