கணக்கு நோட்டு: போர்டைப் பார்த்து எழுதுவதா, பிள்ளைகளே எழுதுவதா?

சாக்பீஸ்:
இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் போர்டில் இருப்பதை அப்படியே இறக்கி எழுதும் வேலையை நிறுத்திவிட்டேன். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது போர்டை அழித்துவிடுவேன். "இன்று காய்ச்சலில் லீவு போட்ட உன் பெஞ்ச்காரனுக்குப் புரிகிற மாதிரி எழுது" என்பேன், அவ்வளவுதான். நோட்டில் ஒன்றுமே இல்லை என்று இரண்டு பெற்றோர் புகார் சொல்லிவிட்டார்கள். மற்ற ஆசிரியர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பழைய வாத்தியார்:
பெற்றோர் சொல்வது சரி. எட்டாம் வகுப்பில் நானும் இதைச் செய்து பார்த்தேன். ஒரு பையன் "இரண்டு மைனஸ் வந்தால் பிளஸ்" என்று சொந்த நடையில் அழகாக எழுதினான். பரீட்சையில் −3 − 4 = 7 என்று போட்டான். பெருக்கலுக்கு உரிய விதியைக் கூட்டலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். தப்பான நோட்டை வைத்துப் படிப்பதற்கு நோட்டே இல்லாமல் இருக்கலாம்.

சாக்பீஸ்:
சார், அந்தத் தப்பு அவன் தலைக்குள் முன்பே இருந்தது. நீங்கள் எழுதிப்போட்டதை அவன் காப்பி அடித்திருந்தால் நோட்டு சுத்தமாக இருந்திருக்கும், பரீட்சையிலும் அதே 7தான் வந்திருக்கும்.

பழைய வாத்தியார்:
இருக்கலாம். ஆனால் அதைக் கண்டுபிடிக்க 45 நோட்டையும் யாராவது உட்கார்ந்து படிக்க வேண்டுமே! பொதுத்தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்விகளுக்கு மட்டும் 50 மார்க். படிப்படியாக எழுதினால்தான் விடை தப்பானாலும் ஏதாவது தேறும். படிகளைச் சரியாக எழுதிய ஒரு மாதிரி பிள்ளையின் கண்முன் இருக்க வேண்டாமா?

நடுவில் நுழைபவன்:
ராமானுஜன் யாரைப் பார்த்து நோட்டு எழுதினார்? :)

பழைய வாத்தியார்:
தம்பி, அவர் நோட்டில் பெரும்பாலும் முடிவு மட்டும்தான் இருக்கும், நிரூபணம் இருக்காது. காகிதம் விலை என்று சிலேட்டில் போட்டுப் பார்த்து அழித்துவிட்டு விடையை மட்டும் நோட்டில் ஏற்றினார். அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் அவற்றை ஒவ்வொன்றாக விளக்கி ஐந்து தொகுதி போட வேண்டியிருந்தது, கடைசித் தொகுதி 1998இல் வந்தது. நம் பிள்ளைகளின் நோட்டுக்கு அப்படி யார் வருவார்கள்?

பத்தாம் வகுப்பு அம்மா:
நான் ஆசிரியை இல்லை. என் மகள் பள்ளியிலும் இப்படித்தான் எழுதச் சொல்கிறார்கள், முதலில் எனக்கும் கோபம் வந்தது. போன வாரம் அவள் நோட்டில் பார்த்தேன்: "எக்ஸ் வர்க்கம் = 5 எக்ஸ். இரண்டு பக்கமும் எக்ஸை அடிச்சா 5 மட்டும்தான் வரும், பூஜ்ஜியம் காணாமப் போயிடும். அடிக்காதே! எல்லாத்தையும் ஒரே பக்கம் கொண்டு வா." கைடில் இந்த "அடிக்காதே" இல்லை, தேடிப் பார்த்தேன். ஆனால் அளவியலுக்கு (பரப்பு, கன அளவுப் பாடம்) அவள் எழுதியிருப்பது ஒன்றரை வரி. அதைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது.

சாக்பீஸ்:
அந்த ஒன்றரை வரியை ஆசிரியரிடம் காட்டுங்கள் அம்மா. கூம்பின் இடைக்கண்டத்தில் (நுனியை வெட்டிய கூம்பு) சாயுயரத்துக்கும் உயரத்துக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைதான் அங்கே கம்மியாக எழுதும்.
சார், ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். செய்முறை வடிவியலில் நானும் படிகளை எழுதிப்போட்டுத்தான் இறக்கச் சொல்கிறேன். வட்டத்துக்குத் தொடுகோடு வரைய ஆளுக்கொரு நடை தேவையில்லை.

பழைய வாத்தியார்:
அப்படியானால் மற்ற பாடத்திலும் மாதிரிக் கணக்கு ஒன்றை முழுசாக இறக்கட்டும். அதற்குப் பக்கத்தில் "ஏன் இப்படி" என்பதை மட்டும் அவர்கள் எழுதட்டும். இதற்கு நான் தயார். காலி நோட்டுக்குத் தயார் இல்லை. அப்புறம், 45 நோட்டுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

சாக்பீஸ்:
ஒரு நாளைக்கு ஒரு வரிசை, ஒன்பது நோட்டு. வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பு முடிந்துவிடும். கையெழுத்து, மார்ஜின் எதையும் பார்ப்பதில்லை, தப்பான வரிக்குக் கீழே ஒரு கோடு மட்டும். இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் என்ன சொல்வேன் என்று கேட்காதீர்கள், இன்னும் வரவில்லை.